வேலி ஓரம் வந்து நின்றவள்

எங்கள் பாட்டி சீனர். இதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் தயங்கியதில்லை. வாசலில் கோலம் போடுவார், கருவாட்டுக் குழம்பு வைப்பார், திட்டினால் அசல் தோட்டத்துத் தமிழ்தான் வரும். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பெற்றவள் யார் என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "வேணாம்னு குடுத்துட்டுப் போனவளப் பத்தி என்ன பேச்சு?" என்பார்.

பாட்டிக்கு இப்போது 82 வயது. ஜப்பான்காரன் காலத்தில், 1943-ல், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கைக்குழந்தையாக வந்தவர். அந்தத் தாயைத் தேடிப் பார்ப்பது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன்.

முதலில் காகிதங்களைப் பார்த்தேன். போருக்குப் பிறகு தாமதமாகப் பதிந்த பிறப்புப் பத்திரத்தில், வளர்த்தவர்களே பெற்றோராக இருந்தார்கள். தத்துப் பத்திரம் கிடையாது. இன்று நடப்பில் உள்ள தத்தெடுப்புச் சட்டங்களே 1952-ல் வந்தவை. அன்றைக்குத் தோட்டத்தில் வாய்ப்பேச்சுதான் பத்திரம்.

அடுத்தது மரபணுச் சோதனை. முன்னோரின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை ஏறத்தாழ பாதியாகக் குறைவதால், வீட்டில் மூத்தவரைச் சோதிப்பதே நல்லது. பாட்டி முணுமுணுத்துக்கொண்டே குப்பியில் துப்பினார். தூரத்து உறவுகள் சிலர் தெரிந்தார்கள். நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை. அவர்களுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

கடைசியாகத்தான் அந்த மூதாட்டியிடம் போனேன். அதே லயத்தில் வளர்ந்தவர். வயது 90. ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"காய்கறி போட்ட சீனத்தி அவ. புருசன ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான். மாருல பால் இல்ல. ஒங்க பாட்டிய வளத்தவளுக்கு அப்பதான் புள்ள செத்து மூணு நாள். இவதான் வாங்கிப் பால் குடுத்தா. அந்தச் சீனத்தி அப்புறமும் வருவா. கீரைக்கட்டோட வேலி ஓரமா நின்னு புள்ளயப் பாத்துட்டுப் போவா. அஞ்சாறு வருசம் வந்தா. அப்புறம் காணோம்."

ஏன் காணோம்? 1948 ஜூனில், சுங்கை சிப்புட் தோட்டக் கொலைகளைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரம் பயிர் செய்தவர்கள், பெரும்பாலும் சீனர்கள், சுமார் 5 லட்சம் பேர், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவளும் அதில் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கீரையா கொண்டாந்தா?" என்று கேட்டார்.

அவள் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நான் வரிசை மாற்றிப் போனேன் என்பது தெரிகிறது. காகிதம் காத்திருக்கும், 90 வயது காத்திருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும், அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் முதலில் கேளுங்கள். பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் பாட்டியே கேட்கிறார்: "அந்தத் தூரத்துச் சொந்தக்காரங்க பதில் போட்டாங்களாய்யா?"