உத்தியோக உடையும் மாதச் சம்பளமும்

ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ நியமனக் கடிதம் பெறும் ஒரு யுவதி, முதற் சம்பளத்தைக் காண்பதற்கு முன்னரே செய்தாக வேண்டிய செலவு உடைக்கான செலவாகும். வாரத்தில் ஐந்து நாட்களுக்குமான சேலைகள், அவற்றுக்கான சட்டைகள், உள்பாவாடைகள், தையற்கூலி, செருப்பு என அது நீளுகின்றது. நகையை அடகு வைத்தோ புடவைக் கடையில் கடன்பட்டோ இதனைச் சமாளிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. சீருடை அணியும் சில அரச சேவையினருக்கு அதற்கெனக் கொடுப்பனவு உண்டு. ஆசிரியைகளோ சேலையைத் தமது சம்பளத்திலிருந்தே வாங்குகின்றனர்.

ஆடை ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாட்டில் ஆடை ஏன் இவ்வளவு விலை என்ற கேள்வி எழலாம். நாம் தைப்பவர்களே தவிர, துணியின் பெரும்பகுதியை இறக்குமதி செய்பவர்கள். 2022 இன் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தபோது சேலையின் விலையும் உடன் ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் அரச ஊழியர்கள் பொருத்தமான இலகு உடையில் கடமைக்கு வர இடமளித்துச் சுற்றறிக்கை வெளியானது. நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையைத் தவிர்த்துப் பாடசாலை சென்றபோது எழுந்த சர்ச்சையில் கலாசாரமே அதிகம் பேசப்பட்டது. 2019 இல் பெண் ஊழியர்களுக்குச் சேலை அல்லது ஒசரி என விதித்த சுற்றறிக்கை முஸ்லிம் பெண்களைச் சங்கடத்துக்குள்ளாக்கிப் பின்னர் திருத்தப்பட்டதும் நினைவிருக்கலாம். இரு சந்தர்ப்பங்களிலும் வாங்குபவரின் பணப்பையைப் பற்றிய பேச்சு அரிதாகவே இருந்தது.

சிக்கனம் என்பது மலிவானதை வாங்குவதன்று. 2,500 ரூபாச் சேலை இருபது சலவையில் சாயம் போய்விட்டால் ஒரு தடவை அணிவதற்கான செலவு 125 ரூபா. 6,000 ரூபாச் சேலையை வாரம் ஒரு முறையாக எண்பது தடவைகள் அணிய முடிந்தால் அது 75 ரூபா மாத்திரமே. எனவே ஆரம்பத்தில் நான்கு நல்ல சேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டை தைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, கறுப்பு, மண்ணிறம், வெண்சந்தனம் என மூன்று சட்டைகளுக்குப் பொருந்தும் சேலைகளைத் தெரிவு செய்தால் தையற்கூலியும் மிஞ்சும். உள்தையலில் ஓரங்குலத் துணி விடும்படி தையற்காரரிடம் கூறிவிட்டால், உடல் பருத்தாலும் சட்டை வீணாகாது.

கிழக்கில் மருதமுனை நெசவாளரின் கைத்தறிச் சேலைகள் இவ்விடத்தில் கவனத்துக்குரியவை. பருத்தி வியர்வையை உறிஞ்சும். வெப்பமான வகுப்பறைக்கு ஏற்றது. வாங்கும்போது ஈரக் கைக்குட்டையால் முந்தானையின் உட்புறத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா எனப் பார்ப்பது நல்லது. முதற் சலவையைத் தனியாகவும் குளிர்ந்த நீரிலும் செய்து நிழலில் உலர்த்த வேண்டும். அபாயா அணிவோருக்கு ஒரே நிறமாதலால் எண்ணிக்கை குறைவாயினும் சமாளிக்கலாம். ஆயினும் காற்றுப் புகாத செயற்கை இழைத் துணி நமது காலநிலைக்கு வேதனையே தரும்.

ஆண்களின் பாடு இலகுவானது. கருநிறக் காற்சட்டைகள் இரண்டு, மேற்சட்டைகள் நான்கு, ஒரு சோடி சப்பாத்து ஆகியவற்றுடன் ஓராண்டை ஓட்டிவிடலாம். ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளை விற்கும் கடைகளில் தரமான மேற்சட்டைகள் கிடைக்கின்றன. கழுத்துப்பட்டியின் மடிப்பையும் பொத்தான் துளைகளையும் அங்கேயே சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் பழுதடைபவை அவைதான்.