அறுபது படியும் ஏழு மலையும்

ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவதும் ஜூன் 12-இல் திறப்பதும் வழக்கம். தண்ணீர் வரத்தைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகலாம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதெல்லாம் இந்த இடைவெளியில்தான். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறங்கி, கையில் கொஞ்சம் பணம் புரளும் நேரம் அது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப்பாதையையும் சமீப ஆண்டுகளில் பிப்ரவரியிலிருந்து மே முடியத்தான் திறந்துவிடுகிறார்கள். நமக்கு ஓய்வு கிடைக்கிற மாதமும் மலை திறந்திருக்கிற மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், மாசி பிறந்ததும் ஊருக்கு ஊர் வேன் புறப்படுகிறது. வெயில் ஏறிக்கொண்டே போகும் மாதங்களும் அவைதான்.

நமக்குப் பழக்கமான மலை சுவாமிமலை. அது கட்டுமலை. அறுபது தமிழ் ஆண்டுகளுக்கு அறுபது படி. ஏறி முடித்து, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். வெள்ளியங்கிரியில் ஒருவழிப் பாதையே ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதைப் பதினைந்து முறை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது. ஏழு மலைகளில் முதல் மலைதான் பலரை உலுக்குகிறது. ஒழுங்கில்லாத உயரத்தில் கல்படிகள், செங்குத்தாக, வெள்ளை விநாயகர் கோயில்வரை விடாமல் போகும். சமதரை ஆள் தன் காலை முதன்முதலில் அறிந்துகொள்வது அங்கேதான்.

“நாங்கள் சேற்றில் உழைத்த உடம்பு” என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அது அப்பாவின் உடம்பு. இன்றைக்கு நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வரப்புவரை போவதற்கு டிவிஎஸ் எக்ஸெல். ஐம்பது வயதில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்த பிறகு, ஆண்டில் 364 நாள் ஏறாத கால் ஒரே ராத்திரியில் ஏழு மலை ஏற வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

2024 மார்ச் கடைசியில் வெள்ளியங்கிரியில் ஓரிரு நாளுக்குள் மூன்று பக்தர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, இதயநோய், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை வலியுறுத்தியது. அறிவிப்பைப் படித்துவிட்டு அதன் கீழேயே நின்று மூங்கில் தடி வாங்குகிறவர்களும் உண்டு.

உடம்பில் என்ன நடக்கிறது? படி ஏறும்போது முழு உடல் எடையையும் ஒவ்வோர் அடியிலும் தூக்குகிறோம். நாடித்துடிப்பு கிடுகிடுவென ஏறும். தஞ்சாவூரில் சாயங்காலம் வேன் ஏறி, கரூர் வழியாக நள்ளிரவில் அடிவாரம் சேர்ந்து, தூங்காமலே மேலே போகிறவர்கள்தான் அதிகம். தூக்கமும் இல்லை, விரதம் என்று வயிற்றில் சோறும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் ஏறினால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். உடன் வருபவர்கள் இதைக் களைப்பு என்றோ, சில சமயம் சாமி வந்துவிட்டது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். விரதம் இருப்பவர் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்க முடியவில்லை என்றால் விரதத்தைத் தளர்த்துவதே சரி.

மார்பில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் அசதியுமாகக்கூட அது வரலாம். “வாயு பிடிச்சிருக்கு” என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கும் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஏறும்போது சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நின்று இளைப்பாறி, பத்து நிமிடத்துக்குப் பிறகும் முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே ஏறுவதும் தவறு. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. ஓஆர்எஸ் பொட்டலம் வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு நீராகாரத்தில் கல்லுப்புப் போட்டு எடுத்துப் போனாலும் நல்லது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மேலே போகப்போகக் குளிர் வேறு. வியர்வையில் நனைந்த உடம்போடு ஆறாவது மலையில் ஆண்டி சுனையின் பனித்தண்ணீரில் குளித்துவிட்டுக் காற்றில் நிற்பது இளவட்டத்துக்கே சோதனை. இறக்கம் சுலபம் என்பதும் ஒரு மயக்கம்தான். இறங்கும்போது முழங்காலும் தொடையும் ஒவ்வோர் அடியிலும் உடம்பைத் தடுத்துப் பிடிக்கின்றன. கால் தளர்ந்து சறுக்குவதெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான்.

இங்கே சபரிமலைப் பழக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை பருவ காலத்தில் அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் நிலையங்களும் இருக்கும். அந்த நினைப்பில் வெள்ளியங்கிரிக்கோ சதுரகிரிக்கோ போகக் கூடாது. மூன்றாவது மலையில் விழுந்தவரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கே பல மணி நேரம் பிடிக்கும். அடிவாரம் வந்த பிறகுதான் 108.

சதுரகிரி என்றதும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன கூட்டத்தில் பலரைத் திடீர்க் காட்டாற்று வெள்ளம் அடித்துப் போனது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீந்திப் பழகியவர்கள் நாம். ஆனால் நம் ஆறு, அணை திறந்து, கல்லணை தாண்டி, சொல்லிவிட்டு வருகிற ஆறு. காட்டு ஓடைக்கு அந்த மரியாதை கிடையாது. நம் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே பெய்த மழை சில நிமிடத்தில் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ கடக்காதீர்கள். இக்கரையிலேயே உயரமான இடத்தில் காத்திருங்கள்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. வெள்ளியங்கிரி அதில் சேராது. அது கோவை வனக்கோட்டத்தின் போளுவாம்பட்டி வனச்சரகத்தைச் சேர்ந்த காப்புக்காடு. சதுரகிரி, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பெயர் எதுவானாலும், அனுமதித்த நாளில், அனுமதித்த பாதையில் மட்டுமே நமக்கு உரிமை. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதைத் தடுக்க 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் இருக்கிறது. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அனுமதியின்றி நுழைவது, தீ மூட்டுவது, விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். “குறுக்கு வழி காட்டுகிறேன்” என்று காசு கேட்பவரின் பின்னால் போனால், யானை வந்தாலும் வழி தவறினாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடுபவர்களுக்குத் தெரியாது.

தீயைப் பற்றி யாரும் விளையாட்டாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 23 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில், வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. காடு பார்ப்பதுதான் ஆசை என்றால் அந்த வழியில் போவது நல்லது. பக்தி என்றாலும், பாதையோரப் புல்லில் சூடம் கொளுத்துவதும் பீடித் துண்டை எறிவதும் வேண்டாம். பங்குனியில் அந்தப் புல் வைக்கோல் மாதிரிக் காய்ந்திருக்கும்.

காசு கொடுத்துப் போகிற பயணத்தில் உங்களுக்கு உரிமையும் உண்டு. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் நாலு பேர் டீசல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு போவது வேறு. கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகும் நிறுவனம் வேறு. பின்னதில் நீங்கள் நுகர்வோர். ஒத்துக்கொண்ட வழிகாட்டி வரவில்லை, சொன்ன வாகனம் இல்லை, ரத்து செய்தும் பணம் தரவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நிறுவனம் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சீட்டின் அடியில் “அவரவர் பொறுப்பில்” என்று அச்சடித்துவிட்டால் மட்டும் அவர்களுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது. ஆனால் கையில் ரசீது வேண்டும். “நம்ம ஆளுதான்” என்று ரசீது வாங்காமல் பணம் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். வழக்கு தோற்பதும் பெரும்பாலும் அதில்தான்.

போகிற வண்டி சரக்கு வண்டியாக இருக்கவே கூடாது. விபத்து என்றால், ஆளேற்றியதைக் காட்டியே காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். முறையான வாகனத்தில் விபத்து நேர்ந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். 2019 திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு விதித்திருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு மாநில அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது.

காப்பீட்டில் பலரும் அறியாத ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் சுரக்ஷா பீமா, அது விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம் தரும். படியில் சறுக்கி விழுந்து இறந்தால் அது விபத்து. படியில் மாரடைப்பு வந்து இறந்தால் அது விபத்தல்ல, பணம் வராது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் தருவது 436 ரூபாய் கட்டும் ஜீவன் ஜோதி. ஐம்பது வயதுக்குள் சேர வேண்டும். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு மரணத்துக்கு அதுவும் தராது. எனவே வேன் கிளம்பும் வாரத்தில் அவசரமாகச் சேர்ந்து பயனில்லை. தை மாதமே சேர்ந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மலையில் ஒருவர் இறந்துவிட்டால், “போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோய்விடலாம்” என்றுதான் உடன் வந்தவர்கள் நினைப்பார்கள். அந்தத் துக்கம் புரிகிறது. ஆனால் காவல்துறை விசாரணை அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல், விழுந்து இறந்தாரா நெஞ்சு அடைத்து இறந்தாரா என்பதைப் பிறகு யாராலும் நிறுவ முடியாது. காப்பீடும் வழக்கும் அங்கேயே நின்றுவிடும். சந்தேகத்துக்கிடமான மரணத்தை விசாரிக்கக் காவல்துறைக்குச் சட்டப்படியே கடமை இருக்கிறது. ஒத்துழையுங்கள். அந்த வீட்டுப் பெண்மணிக்குப் பிற்பாடு வேறு பிடிமானம் இருக்காது.

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனைக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிய ஆள் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் ஏறுகிறவர்கள், “இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறீங்களே” என்றார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அடிவாரத்தில் சூடாக இட்லி சாப்பிட்டதும் வெட்கம் போய்விட்டது. உச்சிக்குப் போகாதவருக்குப் புண்ணியம் குறையும் என்று எந்தக் குருசாமியும் சொல்லி நான் கேட்டதில்லை. வேனில் ஏறும்போதே, யார் திரும்பினாலும் அவரோடு துணைக்கு இறங்கப்போவது யார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியே இறங்கவிட்டுப் போகாதீர்கள்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே வருகிறாரே, அவரிடம் கேட்டாலும் போதும். காலைச் சோதிக்கக் குளித்தலைப் பக்கத்து அய்யர்மலை இருக்கிறது, 1,017 படி. அதைக் காலை வெயிலுக்கு முன் இரண்டு முறை ஏறி இறங்க முடியாதவர் இந்த ஆண்டு வெள்ளியங்கிரியைத் தள்ளிவைக்கலாம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள கோவை மருத்துவமனைகளிலும் செல்லும்.

சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கட்டும்: உங்கள் பெயர், வியாதி, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டு எண். கூடவே அவசரத்துக்கு 108, 112. நுகர்வோர் புகாருக்கு 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மலையில் போன் சார்ஜ் தீர்ந்துவிடும், சிக்னலும் பல இடத்தில் கிடைக்காது. ஆகவே எண்களைப் பேனாவால் எழுதி, நனையாமல் மடித்து வையுங்கள்.