நிறத்தை நம்பலாகாது

தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படிக்கட்டில் ஒருமுறையேனும் வழுக்கி விழுந்தவர்களாகிய நமக்குப் பாசி புதிய வஸ்துவன்று. ஆயினும், பாளையங்கோட்டையில் என் மைத்துனர் கூடத்தில் வைத்திருக்கும் உப்புநீர்த் தொட்டியில், சங்குப்பொடி போல் வெளுத்திருந்த மணல் ஒரே வாரத்தில் பழுப்பேறியதைக் கண்டபோது, இந்தப் பாசிக்குப் பெயர் சொல்ல எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மீன் கடைக்காரர் கைப்பேசிப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், “எல்லாம் ஒரே பாசிதான் அண்ணாச்சி; தீனியக் கொறைங்க, லைட்டக் கொறைங்க, போயிரும்” என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

இந்த ‘ஒரே பாசி’ என்ற அபிப்பிராயந்தான் அனர்த்தத்துக்கு மூலம். பழுப்பு நிறத்தில் வருபவை முக்கியமாக இரண்டு. விரலால் தடவினால் தூசியாக எழும்புவது டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் இந்த நுண்ணுயிர், புதுத் தொட்டிகளில் முதல் சில வாரங்களில் தோன்றி, சிலிக்கா தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். மற்றது டைனோஃப்ளாஜெல்லேட், சளியைப் போல் இழையிழையாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் கோத்து, பகலில் தடித்து இரவில் மெலிவது, தின்ற நத்தையையும் சில சமயம் கொன்றுவிடுவது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே அற்றுப்போன நீரில், போட்டிக்கு வரும் பிற பாசிகள் மடிந்தபின் இது செழிக்குமாதலால், பட்டினி வைத்தியம் இதற்கு விருந்தாகவே முடியும்.

2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கினவே, மீனவர்கள் பூங்கோரை என்கிற அந்த நாக்டிலூகாவும் இந்த டைனோஃப்ளாஜெல்லேட் வம்சந்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பச்சையும் அதன் சொந்த நிறமன்று. அதனுள்ளே குடியிருக்கும் வேறொரு நுண்பாசியின் நிறம். தொட்டிகளில் மெல்லிய ஆடை போல் உரிந்துவரும் செந்நிறப் படலத்தின் கதையோ இன்னும் விசித்திரம். 1959-இல் டி. வி. தேசிகாச்சாரி ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூலில் பாசியாக வைத்து விவரித்த அந்த இனத்தை, இன்று பாக்டீரியா வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

நிறத்தை நம்பலாகாது என்பதால் ஒரு சிறு பரீட்சை செய்தோம். தொட்டியின் பழுப்பை நீரோடு புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காப்பி வடிதாளில் வடித்து, வடிந்த நீரை விளக்கடியில் ஒருமணி நேரம் வைத்தோம். டைனோஃப்ளாஜெல்லேட்டாயின் மீண்டும் இழைகூடித் திரளும். எங்கள் புட்டியில் ஒன்றும் திரளவில்லை, டயாட்டமென்றே கொண்டோம்.

சிலிக்கா எங்கிருந்து வந்தது? ஆவியாவது நீரே, உப்பன்று. ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றுவது முறைதான். ஆனால் மைத்துனர் ஊற்றியது குழாய் ஜலம். பொதிகைப் பாறைகளை அலசி வரும் ஆற்றில் கரைந்த சிலிக்கா இருப்பது இயல்பு. குடிக்கிற நமக்கு அதனால் ஒரு குறையுமில்லை. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போயிற்று. “நம்ம தாமிரபரணித் தண்ணியிலயா அத்தான் குத்தம்?” என்றார்.

இப்போது ஆர்.ஓ. நீர் ஊற்றுகிறார், பழுப்பும் குறைந்து வருகிறது. எனக்கு வருத்தமெல்லாம் வேறொன்றில். பாறைமேல் ஊதாச் சாயலில் கல்லாய் இறுகியிருந்த கோரலைன் என்னும் நல்ல பாசியை, அதுவும் அழுக்கென்று கருதி, பழுப்போடு சேர்த்து முன்னமே பிளேடால் சுரண்டித் தள்ளியிருந்தார்.