கழுதை கண்ட காட்சி

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மூதேவிக்கு வாகனமாகக் கழுதையையே வைத்தனர் நம் முன்னோர். பாடம் ஏறாத பிள்ளையைக் கடிந்துகொள்ளும் ஆசிரியரின் வாயில் முதலில் வருவதும் இப்பிராணியின் பெயரே. ஆசிரியத் தொழில் புரியும் நாமும் இதற்கு விலக்கானவர்களல்லோம். ஆயின், கிறிஸ்தவ வேதநூலைப் படிக்குங்கால் நாம் சற்றே நாண வேண்டியவர்களாகின்றோம். இவ்வெளிய பிராணி அங்கே பெற்றிருக்கும் இடம் அத்துணை உயர்ந்தது.

பழைய ஏற்பாட்டில் எண்ணாகமத்தின் 22ஆம் அதிகாரத்திலே ஒரு வரலாறு உண்டு. இஸ்ரவேல் மக்கள் தன் எல்லையை அணுகியது கண்டு அஞ்சிய மோவாப் அரசன் பாலாக், அவர்களைச் சபிக்கும்பொருட்டுப் பிலேயாம் என்பானை அழைப்பித்தான். பிலேயாமோ பேர்பெற்ற ஞானி. அவன் வாழ்த்தும் பலிக்கும், சாபமும் பலிக்கும் என அரசன் நம்பினான். தன் பெண் கழுதையின்மீதேறி அவன் செல்லும் வழியில், உருவிய வாளுடன் தேவதூதன் ஒருவன் நின்றான். ஞானியின் கண்ணுக்கு அவன் புலப்படவில்லை. கழுதையின் கண்ணுக்குப் புலப்பட்டான்.

கழுதை வழிவிட்டு வயலில் இறங்கியது, அடித்தான். திராட்சைத் தோட்டங்களின் இடையே மதிலோடு ஒதுங்கியது, அவன் கால் நெரிந்தது, மீண்டும் அடித்தான். விலக இடமில்லாத ஒடுக்கத்தில் அப்படியே படுத்துவிட்டது, கோலால் அடித்தான். அப்பொழுது இறைவன் கழுதையின் வாயைத் திறந்தார். என்னை மும்முறை அடிக்க நான் செய்த குற்றம் யாது என அது வினவியது. கையில் வாளிருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன் என்றான் அவன். வாளோ அவனுக்கு எதிரிலேயே நின்றது! பின்னரே அவன் கண் திறந்தது. கழுதை விலகியிராவிடில் மாண்டிருப்பவன் தானே என்பதையும் அறிந்தான்.

அரசன் தருவதாகச் சொன்ன மேன்மை ஞானியின் கண்ணை மறைத்தது போலும். தனக்கென எதையும் வேண்டாது சுமந்து சென்ற பிராணிக்கோ மறைக்கும் திரை எதுவும் இருக்கவில்லை.

மோசேயின் சட்டமும் இப்பிராணியை மறக்கவில்லை. ஏழாம் நாள் ஓய்வு மனிதனுக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது. பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் வீழ்ந்து கிடக்கக் கண்டாலும், ஒதுங்கிப் போகாது உதவுதல் கடன் என்கிறது யாத்திராகமம்.

போருக்குக் குதிரை, உழைப்புக்குக் கழுதை என்பது அந்நாடுகளின் வழக்கு. சகரியா தீர்க்கதரிசியோ, வரப்போகும் அரசர் தாழ்மையுடன் கழுதையின்மேல் வருவார் என்றும், தேர்களும் குதிரைகளும் வில்லும் ஒழியும் என்றும், அவர் நாடுகளுக்குச் சமாதானம் கூறுவார் என்றும் உரைத்தார். குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்தவ மக்கள் நினைவுகூர்வது இவ்வாக்கு நிறைவேறியதையே. எவரும் ஏறியிராத ஒரு கழுதைக்குட்டியின்மீது அமர்ந்து இயேசுபிரான் எருசலேம் நகருள் புகுந்தார். மக்கள் வழியெங்கும் ஆடைகளையும் இலைக்கொத்துகளையும் பரப்பினர். அக்குட்டியும் இரவலாகப் பெற்றதே. விரைவில் திருப்பி அனுப்பப்படும் எனச் சொல்லியே அதனை அவிழ்த்து வந்தனர் என்கிறார் மாற்கு. தம்முடையதென ஒரு கழுதையும் இல்லாத அரசர் அவர்!

இத்துணையும் படித்தபின் பிலேயாமின் கோல் நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. வழியில் நின்றுவிட்ட பிராணியை அடித்தானேயன்றி, ஏன் நின்றாய் என அவன் ஒருமுறையேனும் கேட்டானில்லை. நம் வீட்டிலும் வகுப்பிலும் முன்செல்லாது நின்றுவிடும் பிள்ளைகள் உளர். நாம் காணாத ஏதோவொன்று அவர்களின் வழியை மறித்து நிற்கலாம். கழுதை என்று ஏசுமுன், நம் கண் திறந்திருக்கிறதா என நம்மையே கேட்டுக்கொள்வோமாக.