நையாண்டி மேளத்துக்கு எந்த பிரீஆம்ப்?

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ரொம்பச் சின்னது. பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான். அதைப் பதிவு செய்கிற அளவுக்குப் பெருக்கித் தருவதுதான் பிரீஆம்ப்பின் வேலை. பெருக்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலையும் சேர்த்துவிடும். அது குறைவு என்று சொல்லித்தான் லட்ச ரூபாய் பிரீஆம்ப்கள் விற்கின்றன. மேலூர்ப் பக்கத்து இசையை வீட்டிலேயே பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு அது தேவையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தாலாட்டு

மேளத்துக்கு முன்னால் மெல்லிய குரலை எடுத்துக்கொள்வோம். ஏன்னா பிரீஆம்ப் இரைச்சல் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மேடைகளில் எங்கும் பார்க்கிற ஷுர் எஸ்எம் 58 மைக், 94 டெசிபெல் சத்தத்துக்குச் சுமார் 1.85 மில்லிவோல்ட் தரும். இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கிற நல்ல ஆடியோ இன்டர்பேஸ்களின் உள்ளீட்டு இரைச்சல் −128 டிபியு அளவில் இருக்கிறது. வோல்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 0.3 மைக்ரோவோல்ட். இரண்டுக்கும் நடுவே 6000 மடங்கு, அதாவது 76 டெசிபெல் இடைவெளி. 94-லிருந்து 76 போனால் 18. ஆக, அந்த பிரீஆம்ப்பின் இரைச்சல் மைக் முன்னால் 18 டெசிபெல் சத்தம் இருப்பதற்குச் சமம்.

மின்விசிறி ஓடுகிற அறையில் சத்தம் 40 டெசிபெல்லைச் சுலபமாகத் தாண்டும். பாட்டி பாடும் தாலாட்டு மைக் அருகே 70 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், அதைக் கெடுப்பது பிரீஆம்ப் இல்லை, மின்விசிறி!

இதற்கு மேல் காசு கொட்டினாலும் பெரிய லாபமில்லை. எந்த மின்தடையும் தன் வெப்பத்தாலேயே இரைச்சல் எழுப்பும். பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-ல் இருவரும் வெளியிட்ட விஷயம் இது. 150 ஓம் மின்தடைக்கு அது சுமார் 0.22 மைக்ரோவோல்ட். உலகின் மிகச் சிறந்த பிரீஆம்ப்பாலும் இதைத் தாண்ட முடியாது. லட்ச ரூபாயில் மிச்சமாவது இரண்டு மூன்று டெசிபெல். மைக்கை ஒரு முழ தூரத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபெல் சும்மாவே கிடைக்கும்.

இப்போது மேளம்

நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். இங்கே பிரச்சினை தலைகீழ். பக்கத்தில் வைத்த மைக்கில் தவில் அடி 130 டெசிபெல்லைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 94 டெசிபெல்லுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சர் மைக், அப்போது 1.2 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். இதில் பிரீஆம்ப் பெருக்க வேண்டியது எதுவுமே இல்லை, தாங்கினால் போதும். தாங்காவிட்டால் ஒலி வெட்டுப்படும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது.

அதனால் வாங்கும்போது விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியவை:

1. அதிகபட்ச உள்ளீட்டு அளவு. +9 டிபியு என்றால் சுமார் 2.2 வோல்ட் வரை தாங்கும்.
2. சத்தத்தை 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் 'பேட்' சுவிட்ச்.
3. உள்ளீடுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கருவிக்கும் தனி மைக் வேண்டுமென்றால், உசத்தியான இரண்டைவிடச் சுமாரான எட்டு மேல்.
4. கண்டென்சர் மைக் இருந்தால் 48 வோல்ட் பாண்டம் பவர்.

தவிலுக்கு எஸ்எம் 58 மாதிரி டைனமிக் மைக் வைத்தால் அதே அடிக்கு 0.12 வோல்ட்தான் வரும். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. உறுமியில் வளைந்த குச்சியால் தேய்க்கும் பக்கத்துக்கு மட்டும் மைக்கை நெருக்கி வையுங்கள். அந்த உறுமல் மற்ற அடிகளில் அமுங்கிப் போகும்.

இன்னொன்று, இது திறந்தவெளி இசை. கான்கிரீட் அறைக்குள் வாசித்தால் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பும். மொட்டை மாடியோ தோப்போ நல்லது.

காசு எங்கே போகணும்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் (2018-ல் பத்மஸ்ரீ) ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார். அவர் தொடங்கிய காலத்தில் இன்றைய இன்டர்பேஸ் எதுவும் கிடையாது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. நல்ல பிரீஆம்ப் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பாட்டே இருக்காது.

கையில் 20,000 ரூபாய் இருந்தால் சாதாரண இன்டர்பேஸ் ஒன்று, டைனமிக் மைக் ஒன்று, நல்ல ஸ்டாண்டு ஒன்று. மீதியைப் பாடினவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் சம்பளமாகக் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீங்க.