தயாரானதும் வரும்!

கட்டற்ற கணினி – 12

டெபியன் லினக்ஸின் அடுத்த பதிப்பு எப்போது வரும்? அதை உருவாக்குகிறவர்களிடம் கேட்டால் பல வருடங்களாக ஒரே பதில்தான்: ‘தயாரானதும் வரும்.’ தட்டிக்கழிக்கிற பேச்சு மாதிரி இருக்கும். ஆனால், வங்கி முதல் விண்வெளி நிலையம் வரை டெபியனை நம்புகிறார்கள் என்றால், அந்தப் பதிலும் ஒரு காரணம்.

சென்ற வாரம் டெபியனுக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்களைப் பார்த்தோம். அவர்கள் நம்மை ஏன் இவ்வளவு காக்கவைக்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

டெபியனில் எப்போதும் மூன்று கிளைகள் உண்டு. புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும் முதலில் வந்து இறங்கும் இடம் ‘சிட்’. டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரங்களின் பெயரைத்தான் வைப்பார்கள். அதில் பொம்மைகளை உடைத்து விளையாடும் பக்கத்து வீட்டுப் பையன்தான் சிட். உடைவதெல்லாம் அவன் கையிலேயே உடையட்டும் என்பது ஏற்பாடு. சில நாட்கள் அங்கே கிடந்து, பெரிய கோளாறு என்று புகார் ஏதும் வராவிட்டால் அந்தப் பேக்கேஜ் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும். அங்கே தேறியவை எல்லாம் சேர்ந்துதான் ஒருநாள் ‘ஸ்டேபிள்’ என்ற பெயரில் நம் கைக்கு வருகின்றன.

அந்த ஒருநாளுக்கு முன்னால் ‘ஃப்ரீஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. புதுச்சரக்கு வரும் வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துவார்கள். 13-வது பதிப்பான டிரிக்ஸிக்கு 2025 மார்ச் 15-ல் முதல் கதவு மூடியது. ஏப்ரல், மே மாதங்களில் கெடுபிடி ஏறியது. ஜூலை 27-க்குப் பிறகு ஒரு சின்னத் திருத்தம் உள்ளே போகவேண்டும் என்றால்கூட வெளியீட்டுக் குழுவிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். ஆகஸ்ட் 9-ல் பதிப்பு வந்தது. மொத்தம் 69,830 பேக்கேஜ்கள். கிட்டத்தட்ட ஐந்து மாதங்கள் அந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களுக்கு முக்கிய வேலை பழுது பார்ப்பதுதான். தரவை அழிக்கும் கோளாறு, பாதுகாப்பு ஓட்டை, நிறுவவே முடியாத நிலை போன்றவை வெளியீட்டைத் தடுக்கும் கோளாறுகள். ஒன்று, அவற்றைச் சரிசெய்யவேண்டும். இல்லையென்றால் அந்தப் பேக்கேஜையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

இத்தனை கெடுபிடி தேவையா என்ற கேள்விக்கு 2024 மார்ச்சில் விடை கிடைத்தது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காக வேலை செய்பவர். சிட் ஓடிய தன் கணினியில் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய 0.3 விநாடி ஆகவேண்டியது, 0.8 விநாடி ஆயிற்று. அரை விநாடிதானே என்று விடாமல் நூல் பிடித்துக்கொண்டே போனார். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. அந்தத் திட்டத்தில் இரண்டு வருடங்களுக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து, பொறுப்பாளர் பதவியையும் பெற்ற ஒரு முகமூடி ஆசாமியின் கைவரிசை அது. விஷம் கலந்த 5.6 பதிப்பு சிட்டுக்கு வந்துவிட்டது, டெஸ்டிங்கையும் எட்டிவிட்டது. ஸ்டேபிளுக்கு மட்டும் வரவில்லை. அங்கே இருந்தது பழைய 5.4.

டெபியனை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவின் 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு அடுத்த மாதமே வரவேண்டியிருந்தது. அதற்கான சோதனைக் கிடங்கிலும் அந்த எக்ஸ்இசட் புகுந்திருந்தது. உபுண்டுவை உருவாக்கும் கேனானிகல் நிறுவனம் அந்தக் காலகட்டத்தில் தொகுத்த பேக்கேஜ்களை எல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொகுத்தது. பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போய் ஏப்ரல் 11-ல் வந்தது. ஆனாலும் சொன்ன தேதியான ஏப்ரல் 25-ல் பதிப்பு வந்துவிட்டது.

இந்த உபுண்டு பிறந்ததற்கே காத்திருப்பில் வந்த சலிப்பும் ஒரு காரணம். டெபியன் 3.0 வந்தது 2002 ஜூலையில். அடுத்த பதிப்பான ‘சார்ஜ்’ வந்தது 2005 ஜூனில். ஏறத்தாழ மூன்று வருடங்கள்! அதற்குள் கையில் இருந்ததெல்லாம் பழசாகிவிட்டது. ஒரு காலத்தில் டெபியனில் பங்களித்த தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த், டெபியன் ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று தேதி குறித்து 2004 அக்டோபரில் உபுண்டுவை வெளியிட்டார். ஆனால், முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று வந்தபோது அவரும் தவணை கேட்டார். 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஆறு வாரம் தள்ளி ஜூன் 1-ல் வந்தது. 6.04 ஆகவேண்டிய அதன் எண் 6.06 ஆனது அப்படித்தான்.

சார்ஜ் பட்ட பாட்டிலிருந்து டெபியனும் பாடம் படித்தது. இப்போது வாசலைச் சாத்தும் தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வெளியாகும் தேதியை மட்டும் கடைசியில்தான் சொல்கிறார்கள். 2019 ஜூலை, 2021 ஆகஸ்ட், 2023 ஜூன், 2025 ஆகஸ்ட் என்று பாருங்கள். சத்தியம் செய்யாமலே இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. நம் ஊருக்கும் டெபியனோடு தொடர்பு உண்டு. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த ‘பாஸ் லினக்ஸ்’, சிடாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்துக் கட்டியதுதான்.

அடுத்தது 14-வது பதிப்பு, ‘ஃபோர்க்கி’. அதுவரை உங்கள் கணினி பின்தங்கிவிடுமோ என்று பயப்படவேண்டாம். ஸ்டேபிளில் பதிப்பு எண் பழசாகத் தெரிந்தாலும், பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய பதிப்புக்கே பொருத்தித் தந்துகொண்டிருப்பார்கள். மூன்று வருடம் முழு ஆதரவு, அதற்குமேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. 32-பிட் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: டிரிக்ஸியில் அதற்கான நிறுவி கிடையாது. 12-வது பதிப்பான புக்வார்மிலேயே இருங்கள்; 2028 ஜூன் வரை ஆதரவு உண்டு.

காத்திருக்கும் வேளையில் ஒரு காரியம் செய்துவிடுங்கள். மென்பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று குறித்திருக்கும் சோர்சஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ‘ஸ்டேபிள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், புதுப் பதிப்பு வந்த அன்று வழக்கமான அப்டேட் கொடுக்கும்போதே கணினி அடுத்த பதிப்புக்குத் தாவப் பார்க்கும். ‘டிரிக்ஸி’ என்று பெயரையே எழுதிவிட்டால் நீங்கள் சொல்லும்வரை நகராது. உபுண்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறச்சொல்லும் அழைப்பு, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் வரும். 24.04-க்கு அந்தத் திருத்தப் பதிப்பே இரண்டு வாரம் தள்ளி ஆகஸ்ட் 29-ல்தான் வந்தது.

எனவே அவர்கள் தயார் என்று சொன்ன பிறகும் நீங்கள் ஒரு மாதம் பொறுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகே மேம்படுத்துங்கள்.

(தொடரும்)