குடும்பக் காருக்கு டயர் வாங்குதல்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று சொந்தக் கார் வாய்த்திருக்கிறது. அதிலும், பெற்றோரும் பிள்ளைகளுமாக ஏழு பேர் ஒருங்கே அமர்ந்து ஊருக்குச் சென்று வரக்கூடிய பெரிய சொகுசு வண்டியைப் பலர் விரும்பி வாங்குகின்றனர். புதிதாக வாங்கப் பொருள் இல்லாதவர் பழைய வண்டியையேனும் வாங்கிவிடுகின்றனர். வண்டி வாங்குவதற்குக் கடன் கிடைக்கிறது. யோசனை சொல்லவும் பலர் இருக்கின்றனர். ஆனால் நாலைந்து ஆண்டுகள் கழித்து நான்கு டயர்களும் ஒருசேரத் தேய்ந்து நிற்கும்போது, எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே. அதைக் குறித்து நமக்குத் தெரிந்த சிலவற்றை இங்கே கூற விழைகின்றோம்.

நாம் தலைநகர் தில்லியில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள். இயந்திர நுட்பம் நம் துறையன்று. நம் மைத்துனர் மாற்றலாகிச் சென்றபோது, தம் இன்னோவா கிரிஸ்டா வண்டியை நியாயமான விலைக்கு நம்மிடம் விட்டுச் சென்றார். நம் சம்பளத்துக்கு அது பெரிய வண்டிதான். எனினும் அன்னையார், மாமனார், மாமியார், குழந்தைகள் இருவர், நாம் இருவர் என ஏழு பேரும் கும்பகோணத்தில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு அதில் செல்வதென்று முடிவாயிற்று. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். புறப்படுமுன் சோதிக்கக் கொடுத்த இடத்தில், “இந்த டயர்களோடு ஊர் போய்ச் சேர முடியாது” என்று சொல்லிவிட்டனர்.

டயர் தேய்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? அதன் பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். மேற்புறம் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு அதுவே கடைசி எல்லை. அந்தப் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைக் காலத்தில் சாலையில் நிற்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவையே. வாய்க்கால் தூர்ந்தால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் இடையே படலமாக நின்றுவிடும். அப்போது வண்டி சாலையில் ஓடாது, நீரில் வழுக்கும். தடையை எவ்வளவு அழுத்தியும் பயனிராது. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமே என்பதை எண்ணிப் பார்த்தால், ஏழு உயிர்களும் நான்கு உள்ளங்கைகளின் மேல் அமர்ந்து செல்கின்றன என்பது புலப்படும்.

நாம் ஒரு கடைக்குச் சென்றோம். நம் வண்டிக்குரிய அளவு 205/65 R16 என்பது. கடைக்காரர் அதன் விலையைக் கூறியவுடன் நம் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். “இதே வளையத்தில் ஏறக்கூடிய வேறொன்று இருக்கிறது, விலையும் குறைவு” என்று 205/55 R16 என்ற அளவுள்ள டயரைக் காட்டினார். அகலமும் ஒன்றே, வளையமும் ஒன்றே, இடையிலுள்ள எண்ணில்தான் பத்து குறைகிறது, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நாமும் எண்ணினோம். நான்கு டயர்களுக்கும் சேர்த்து மிஞ்சக்கூடிய தொகை திருமணச் செலவுக்கு உதவுமே என்ற ஆசையும் எழுந்தது. நல்லவேளையாக, அரசுத் துறையொன்றில் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தோம். அவர் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து, “தம்பி, வளையத்தில் ஏறினால் போதுமா? வண்டியைத் தாங்க வேண்டாமா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே அக்கேள்வியின் ஆழம் நமக்கு விளங்கிற்று.

டயரின் பக்கவாட்டில் எழுதியுள்ள எண்களும் எழுத்துகளும் ஒரு மொழி. அதைப் படிக்கக் கற்றவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. அதாவது 205-இல் 65 விழுக்காடு, ஏறத்தாழ 133 மில்லிமீட்டர். R என்பது ‘ரேடியல்’ என்னும் கட்டுமான முறையைக் குறிக்கும். 16 என்பது இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 673 மில்லிமீட்டர் ஆகிறது. கடைக்காரர் காட்டிய 205/55 R16 டயரின் விட்டமோ 632 மில்லிமீட்டர்தான். இதனால் வண்டியின் அடிப்பகுதி தரைக்கு 20 மில்லிமீட்டர் நெருங்கிவிடும். சக்கரம் சிறிதாவதால், வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓடும். ஓடிய தூரத்தின் கணக்கும் அவ்வாறே பிழைபடும்.

இவை சிறு குறைகள் என்று தள்ளினாலும், அடுத்ததைத் தள்ள முடியாது. அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். நம் வண்டிக்குரியது 95H. இதில் 95 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். கடைக்காரர் காட்டிய டயரில் இருந்தது 91. அது 615 கிலோவுக்கு உரியது. வேறுபாடு 75 கிலோதானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியின் சொந்த எடை சுமார் 1,850 கிலோ என்றும், ஏழு பேரின் எடை ஆளுக்கு 65 கிலோ வீதம் 455 என்றும், பெட்டி படுக்கைகள் 100 கிலோ என்றும் கொண்டால் மொத்தம் 2,405 கிலோ ஆகிறது. மூன்றாம் வரிசையில் ஆட்களும் அதன் பின்னே பெட்டிகளும் ஏறியபின் பாரத்தில் நூற்றுக்கு 55 பங்கு பின் சக்கரங்களின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், பின் டயர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 661 கிலோ சுமக்க வேண்டும். 690 தாங்கும் டயர் அதைச் சுமக்கும். 615 தாங்கும் டயர், வீட்டு வாசலைவிட்டுப் புறப்படும்போதே தன் எல்லையைக் கடந்துவிடும். மிச்சப்படுத்த எண்ணிய தொகை எதற்கு ஈடாக வைக்கப்பட இருந்தது என்பதை அந்தக் காகிதம் நமக்குக் காட்டிற்று.

H என்னும் எழுத்து வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது அதன் பொருள். நாம் அவ்வளவு வேகத்தில் செல்லப் போவதில்லையே என்று கேட்கலாம். வேகம் தாங்குவது என்பது வெப்பம் தாங்குவதேயாகும். தில்லியிலும் நாகபுரியிலும் கோடையில் சாலை எவ்வாறு கொதிக்கும் என்பதை அங்கு வாழும் அன்பர்கள் அறிவர். ஆகவே பாரக் குறியீடும் வேகக் குறியீடும், வண்டியைச் செய்தவர் குறித்துள்ளதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கலாம். குறைவாக இருத்தல் ஆகாது. அவர் குறித்துள்ள அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் கையேட்டிலும் காணப்படும்.

இனி, டயரின் வயது. பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் நாளடைவில் இறுகி வெடிப்புவிடும் இயல்புடையது. தள்ளுபடி விலைக்கு ஒரு டயர் கிடைக்கிறது என்றால், விலையைக் கேட்குமுன் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். ஓட்டம் குறைவான வண்டிகளிலும், ஐந்தாண்டு கடந்த டயர்களை ஆண்டுதோறும் சோதிக்கச் செய்வது நலம். ‘ஸ்டெப்னி’ என்று நாம் அழைக்கும் மாற்று டயரையும் இச்சோதனையில் மறத்தலாகாது.

பழைய டயர்களை மலிவாக விற்கும் இடங்களும் நகரங்களில் உண்டு. தேய்ந்த டயரில் கருவிகொண்டு புதிதாகப் பள்ளம் வெட்டி, கருஞ்சாயம் பூசி, பளபளக்கச் செய்துவிடுவர். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும். ஆனால் பள்ளம் ஆழமாவதற்கு ஈடாக அடியிலுள்ள ரப்பர் மெலிந்துவிடுகிறது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதை எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது. இதன் மறுபக்கமும் ஒன்றுண்டு. நாம் கழிக்கும் டயரை விலைக்கு விட்டால், அதுவே சாயம் பூசிக்கொண்டு இன்னொரு குடும்பத்தின் வண்டியில் ஏறக்கூடும். ஆகையால் அதன் பக்கவாட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தல் நன்று.

அப்படியானால் சிக்கனத்துக்கு வழியே இல்லையா எனில், உண்டு. முதலாவது, வண்டியோடு வந்த அதே நிறுவனத்தின் டயரைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அளவும், பாரக் குறியீடும், வேகக் குறியீடும் பொருந்தி, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்குமாயின், வேறு நிறுவனத்தின் டயரும் தகுதியுடையதே. ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது எழும் தடை, ஒலி ஆகிய மூன்றுக்கும் 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு தர விதிகளை அறிவித்தது. எனவே உள்நாட்டு டயர் என்று தாழ்வாக எண்ண வேண்டுவதில்லை. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய ஒரு தொழில், பின்னர் டயர் தொழிலாக வளர்ந்து நாடெங்கும் பரவியது. அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் செய்யப்படும் டயர்கள் இன்று வட நாட்டுச் சாலைகளிலும் ஓடுகின்றன. நம் ஊர்ப்பக்கம் பிறந்த பொருளை நம்மைப்போலவே தூரதேசத்தில் காண்பதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

இரண்டாவது, விலையை மட்டும் ஒப்பிடாமல் கிலோமீட்டருக்கு ஆகும் செலவை ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 24 காசு ஆகிறது. 9,000 ரூபாய் டயர் 45,000 கிலோமீட்டர் உழைத்தால் 20 காசுதான். மலிவாகத் தோன்றியது உண்மையில் விலை மிகுந்ததாகிறது. எனினும், ஓரிரண்டு ஆண்டுகளில் வண்டியை விற்க நினைப்பவருக்கு இக்கணக்கு மாறும். தில்லியில் பழைய டீசல் வண்டிகளைக் குறித்து 2015 முதல் பல உத்தரவுகள் பிறந்துள்ளமையால், வண்டி இன்னும் எத்தனை ஆண்டு நம்மிடம் இருக்கும் என்பதையும் எண்ணிய பிறகே, நெடுநாள் உழைக்கும் விலையுயர்ந்த டயரை நாடலாம்.

மூன்றாவது, கையில் பொருள் குறைவாயின், நான்கும் தேயாதபோது இரண்டை மட்டும் மாற்றலாம். அவ்விரண்டும் ஒரே வகையினவாக இருக்க வேண்டும். அவற்றைப் பின்பக்கமே பூட்ட வேண்டும். முன்பக்கம் பூட்டுவதே நல்லது என்று பலர் எண்ணுவது தவறு. ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு இடமுண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

நான்காவது, பில்லைக் கேட்டு வாங்குக. டயருக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த வரியையும் மிச்சப்படுத்த எண்ணிப் பில் இல்லாமல் வாங்குவோர், செய்முறைக் குற்றம் ஏதேனும் பின்னர் தோன்றினால் முறையிட வழியற்றுப் போவர்.

வாங்கிய பின் காப்பதும் சிக்கனமே. காற்று குறைந்த டயர் ஓடும்போது மிகுதியாக நெளியும், நெளிவதால் சூடேறும், சூடு மிகுந்தால் வெடிக்கும். தில்லியையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனை விரைவுச் சாலை 2012-இல் திறக்கப்பட்ட 165 கிலோமீட்டர் நீளக் காங்கிரீட் சாலை. அத்தகைய சாலையில் கோடை நண்பகலில் நிறுத்தாமல் விரையும்போது, காற்றுக் குறைவு ஒரு சிறு குற்றமாக நில்லாது. காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்றை அளக்க வேண்டும். கதவுத் தூணில் எழுதியுள்ள அளவே சரியான அளவு. டயரின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. முழுப் பாரத்துக்கு வேறு அளவு குறித்திருந்தால் ஊர்ப் பயணத்துக்கு அதையே கொள்ள வேண்டும்.

முடிவில் நாம், உரிய அளவிலேயே, நடுத்தர விலையுள்ள உள்நாட்டு டயர்கள் நான்கை வாங்கினோம். பழையவற்றுள் சற்று நல்லதைக்கூட ஸ்டெப்னிக்கென வைத்துக்கொள்ளப் பெரியவர் இசையவில்லை. உபயோகிக்காதிருந்த பழைய ஸ்டெப்னியின் தேதியைப் பார்த்த பிறகே அதை விட்டுவைத்தார். திருமணத்துக்கென எடுத்து வைத்த தொகையில் சிறிது குறைந்தது உண்மை. பட்டுப் புடவை ஒன்றைக் குறைத்துக்கொள்ள வீட்டில் உடன்பட்டனர். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நாகபுரியைக் கடந்த பின் ஒரு மாலையில் பெருமழை பிடித்துக்கொண்டது. முன்னே சென்ற லாரி திடீரென நின்றது. நாமும் தடையை அழுத்தினோம். வண்டி நேராக நின்றது. பின் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்த அன்னையார் விழித்து, “ஏன் நிறுத்தினாய்? ஊர் வந்துவிட்டதா?” என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மழை விடும்வரை ஓரமாக நிறுத்திக் காத்திருந்து, பின்னர் மெல்லப் புறப்பட்டோம்.